புசுபுசு நாய்க்கு எந்த சீப்பு?

சோபாவில் முடி. பூஜையறை வாசலில் முடி. ஆபீசுக்குக் கிளம்புகிற நேரத்தில் உங்கள் கணவரின் கறுப்பு பேண்ட்டில் வெள்ளை வெள்ளையாய் முடி! ‘‘இதைக் கூட்டிட்டுப் போய் மொத்தமா மொட்டை போட்டுட்டு வந்துடறேன்...’’ என்று அவர் கத்த, குழந்தைகள் கண்ணைக் கசக்க, நாயோ ஒன்றும் தெரியாதது மாதிரி வாலை ஆட்டிக்கொண்டிருக்கும். பங்குனி பிறந்துவிட்டால் பொமரேனியன், அல்சேஷன் வளர்க்கிற வீடுகளில் இது வாடிக்கையான காட்சிதான். அக்னி நட்சத்திரம் நெருங்க நெருங்க, ‘பாவம், வெயிலில் கம்பளி போர்த்தின மாதிரி இருக்கே’ என்ற பரிதாபமும் சேர்ந்துகொள்ளும்.

மொட்டை மட்டும் வேண்டாம். அதற்குப் பதிலாக ஒரு நல்ல சீப்பு வாங்குங்கள். எந்தச் சீப்பு என்பதில்தான் விஷயமே இருக்கிறது. தப்பான பிரஷ்ஷை வைத்துக்கொண்டு தினமும் அரை மணி நேரம் வாரினாலும் மேல்முடி பளபளக்குமே தவிர, அடியில் சடை பிடித்துக்கொண்டேதான் இருக்கும். வெளியே தெரியவே தெரியாது!

முதலில் உங்கள் நாய் எந்த ரகம் என்று பார்த்துவிடுவோம். தோள்பட்டையிலோ தொடையிலோ முடியை இரண்டு கையாலும் வகிடு எடுப்பது போல விலக்கிப் பாருங்கள். மேலே நீளமாக, சற்று முரட்டுத்தனமாக ஒரு முடி. அதற்கு அடியில் பஞ்சு மாதிரி, பெரும்பாலும் வெளிர் நிறத்தில், மெத்தென்று இன்னொரு முடி. இரண்டும் இருந்தால் அது இரட்டை ரோம நாய். ஒரே துவாரத்திலிருந்து ஒரு தடித்த முடியும், அதைச் சுற்றிப் பல மெல்லிய முடிகளும் கிளம்பி வருகிற அமைப்பு இது. பொமரேனியன், அல்சேஷன், லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், சைபீரியன் ஹஸ்கி எல்லாமே இந்த ஜாதிதான். நம்ம ஊர் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகியவற்றுக்குக் குட்டை முடி, ஒட்டின முடி. அவற்றுக்கு இந்தக் கட்டுரையில் வேலை இல்லை. ஈரத் துணியால் துடைத்துவிட்டு ரப்பர் பிரஷ்ஷால் நாலு தேய் தேய்த்தால் முடிந்தது.

(‘எங்க வீட்டுல இருக்கறது பொமரேனியன்’ என்று நாம் சொல்கிற வெள்ளை நாய்களில் பல, உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ் வகை. 1994-ல் வந்த ‘ஹம் ஆப்கே ஹைன் கௌன்’ படத்தில் ஓடி ஆடிய டஃபியை ஞாபகம் இருக்கிறதா? அதே ரகம். முடி விஷயத்தில் இரண்டுக்கும் ஒரே வைத்தியம்தான். அதனால் பெயரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.)

மொட்டை ஏன் கூடாது?

நமக்கு வேர்த்தால் உடம்பு குளிர்கிறது. நாய்க்கு அப்படி இல்லை. அதன் வேர்வைச் சுரப்பிகள் முக்கியமாகப் பாதங்களில்தான். உடம்புச் சூட்டை அது தணித்துக்கொள்வது நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைப்பதன் மூலம். ஆகவே முடியை எடுத்துவிட்டால் வேர்த்துக் குளிர்ந்துவிடும் என்ற கணக்கு இங்கே செல்லாது. மாறாக, நம் தோலைவிட மெல்லிய தோல் நேராக வெயிலுக்கு வந்துவிடும். வெள்ளை நாய்க்கு உள்ளே இளஞ்சிவப்புத் தோல். ஒரே மத்தியானம் மாடியில் திரிந்தாலும் சிவந்து எரிந்துவிடும். கொசுவுக்கும் ஈக்கும் கொண்டாட்டம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒட்ட வழித்த இடத்தில் முடி ஒழுங்காகத் திரும்பி வரும் என்று உத்தரவாதம் கிடையாது. பொமரேனியன், ஹஸ்கி போன்ற அடர்முடி நாய்களுக்கு வழித்த இடம் ஆறு மாதம், ஒரு வருடம், சிலவற்றுக்கு அதற்கும் மேலே கூட சொட்டையாகவே நின்றுவிடுவது உண்டு. கால்நடை டாக்டர்கள் நன்கு அறிந்த தொல்லை இது. முளைத்தாலும் உள் ரோமம் முந்திக்கொண்டு வந்து, மேல்முடி பின்தங்கி, நாய் பார்க்கத் திட்டுத்திட்டாக இருக்கும்.

அதற்காக, ‘இந்த ரோமம் நாய்க்கு ஏ.சி. மாதிரி’ என்று சிலர் சொல்வதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது மிகை. உள் ரோமம் குளிருக்காக ஏற்பட்ட கம்பளிதான். உதிர வேண்டிய செத்த முடி உதிராமல் உள்ளேயே அடைத்துக்கொண்டிருந்தால் காற்று போக வழியில்லை, சூடுதான். செத்த கம்பளியை மட்டும் வெளியே எடுத்து, மேல்முடியை அப்படியே விட்டுவைக்க வேண்டும். கத்தரிக்கோலும் மிஷினும் இரண்டையும் சேர்த்து எடுத்துவிடும். சரியான சீப்பு மட்டும்தான் செத்ததை மட்டும் எடுக்கும். அறுவை சிகிச்சைக்காகவோ தோல் நோய்க்காகவோ டாக்டரே முடியை எடுக்கச் சொன்னால் அது வேறு விஷயம்.

கடையில் என்ன கேட்பது?

செல்லப்பிராணிக் கடையில் ஒரு சுவர் நிறையத் தொங்கவிட்டிருப்பார்கள். ஆன்லைனில் பார்த்தாலோ தலை சுற்றும். ‘எட்டு சாமான் செட்’ என்று பெட்டியில் போட்டு மலிவாகக் கொடுப்பார்கள். வாங்காதீர்கள். எட்டில் ஆறு தூங்கும்.

முதலில் வாங்க வேண்டியது ஒரு ஸ்டீல் சீப்பு. பிளாஸ்டிக் அல்ல, முழுக்க உலோகம். பாதி தூரம் பற்கள் அகலமாகவும் மீதிப் பாதி நெருக்கமாகவும் இருக்கிற ரகம். பல்லின் நுனி உருண்டையாக இருக்க வேண்டும். உங்கள் கன்னத்தில் மெல்ல இழுத்துப் பாருங்கள். கீறினால் வேண்டாம். இந்தச் சீப்புதான் உங்கள் நீதிபதி. மற்ற பிரஷ்ஷெல்லாம் போட்டு முடித்த பிறகு, அகலப் பல்லால் தோலைத் தொட்டு நுனி வரை இழுத்துப் பாருங்கள். எங்கேயும் தடுக்காமல் வந்தால்தான் வேலை முடிந்தது என்று அர்த்தம். தடுத்தால் அங்கே சிக்கு இருக்கிறது. நெருக்கப் பல்லால் காது ஓரம், முகம், கால் இடுக்குகளில் வாரினால் உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் அகப்படும். நம் வீட்டுப் பேன் சீப்பு மாதிரிதான். ஆனால் பேன் சீப்பையே எடுத்து நாய்க்குப் போடாதீர்கள். அதன் நெருக்கம் அடர்ந்த முடியைப் பிய்த்துவிடும்.

அடுத்தது ரேக். தோட்டத்தில் சருகு வாருகிற கருவியின் குட்டி வடிவம். ஒரு கைப்பிடி, அதில் ஒரு வரிசையோ இரண்டு வரிசையோ தடித்த பற்கள். ‘அண்டர்கோட் ரேக்’ என்று கேளுங்கள். உள் ரோமத்தைக் கோதி எடுக்க இதை மிஞ்ச ஒன்றும் இல்லை. ஆனால் அளவு சரியாக இருக்க வேண்டும். பல் குட்டையாக இருந்தால் மேலேயே நின்றுவிடும். அளவுக்கு மீறி நீளமாக இருந்தால் தோலைப் பிறாண்டும். கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே அளந்துவிடுங்கள். குழந்தையின் பள்ளிக்கூட ஸ்கேலை நாயின் தொடையில் முடிக்குள் செங்குத்தாக மெல்ல இறக்கி, தோலைத் தொடுகிற இடத்திலிருந்து முடியின் மேற்பரப்பு வரை எத்தனை சென்டிமீட்டர் என்று பாருங்கள். ஏறக்குறைய அந்த நீளத்துக்குப் பல் இருக்கிற ரேக்தான் உங்கள் நாய்க்கு. லேப்ரடாருக்குக் குட்டைப் பல் போதும். ஸ்பிட்ஸுக்கும் ஹஸ்கிக்கும் நீளப் பல். பற்கள் தாமாகச் சுழலும்படி இருக்கிற ரேக் கிடைத்தால் அதையே எடுங்கள். முடியை இழுத்து வலிக்க வைக்காமல் நழுவிப் போகும்.

நீள முடி நாய் என்றால் மூன்றாவதாக ஒரு ஸ்லிக்கர் பிரஷ் வாங்கலாம். சதுரப் பலகையில் வளைந்த மெல்லிய கம்பிகள் நெருக்கமாகக் குத்தியிருக்கும். சிக்கெடுப்பதில் கெட்டிக்காரன். ஆனால் வீட்டு நாய்களுக்கு அதிகக் காயம் ஏற்படுத்துகிறதும் இதுவாகத்தான் இருக்கும். முழங்கைக்குக் கீழே உட்புறத்தில் உங்கள் தோலிலேயே, நாய்க்குத் தேய்க்கிற அதே அழுத்தத்தில் ஒரு முறை தேய்த்துப் பாருங்கள். சிவப்புக் கோடு விழுகிறதா? ஒன்று கம்பி முரடு, அல்லது உங்கள் கை முரடு! ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தேய்த்தால் தோல் உரிந்து தீப்பட்டது போல எரியும். அதன் பிறகு பிரஷ்ஷைப் பார்த்தாலே நாய் கட்டிலுக்கடியில் ஓடிவிடும். அப்புறம் அதைக் கூப்பிட்டு உட்கார வைக்க மாதக்கணக்கில் பாடுபட வேண்டும்.

நம் தலைக்குப் போடுகிற மாதிரி ரப்பர் மெத்தையில் ஊசிகள் நிற்கும் பின் பிரஷ்ஷைத்தான் பலரும் முதலில் வாங்குகிறார்கள். பார்க்க அழகு, நாய்க்கும் சுகம். மேல்முடியைச் சீராக்கும். உள் ரோமத்தைத் தொடாது. இது மட்டும் போதும் என்று நம்புகிற வீடுகளில்தான் அடியில் சடை வளர்கிறது. பன்றி முடி பிரஷ்ஷும் இப்படித்தான்.

இப்போது வீட்டுக்கு வீடு பிரபலமாகியிருப்பது ‘டி-ஷெட்டிங்’ பிளேடு. மிஷின் பிளேடு மாதிரி நெருக்கமான பல்லுடன் ஒரு உலோகப் பட்டை. இரண்டு இழு இழுத்தால் ஒரு மூட்டை முடி வரும். பார்க்கத் திருப்தியாகத்தான் இருக்கும்! வந்த முடியை உள்ளங்கையில் பரப்பிப் பாருங்கள். பஞ்சு மட்டும் வந்தால் சரி. நடுநடுவே நீளமான முரட்டு முடியும் துண்டு துண்டாக வந்தால் மேல்முடியையே அது வெட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். லேப்ரடாருக்கு முடி கொட்டும் நாட்களில் வாரம் ஒரு முறை, பத்து நிமிஷத்துக்கு மேல் போகாமல் உபயோகிக்கலாம். பொமரேனியனுக்கும் ஸ்பிட்ஸுக்கும் வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி.

லேப்ரடார் வைத்திருப்பவர்களுக்குச் செலவே கம்மி. குட்டைப் பல் ரேக் ஒன்று, கையில் மாட்டிக்கொள்கிற ரப்பர் பிரஷ் ஒன்று, ஸ்டீல் சீப்பு. தீர்ந்தது.

வாருவதில் ஒரு முறை இருக்கிறது

காய்ந்த முடியில் வாராதீர்கள். முடி ஒடியும். இஸ்திரி போடும்போது தண்ணீர் தெளிக்கிற பாட்டிலில் வெறும் தண்ணீர் ஊற்றி லேசாகப் பனி போல அடித்துக்கொள்ளுங்கள். கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடுங்கள். சடை முதலில் பிடிக்கிற இடங்களில் அதுவும் ஒன்று. மற்றவை காதுக்குப் பின்னால், முன்னங்கால் அக்குள், தொடை இடுக்கு, பின்புறத் தொடையின் புசுபுசு முடி, வாலின் அடி.

நாயைப் படுக்க வைத்து, கீழேயிருந்து ஆரம்பியுங்கள். இடது கையால் முடியை மேல்நோக்கி ஒதுக்கிப் பிடியுங்கள். தோல் ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிற கொஞ்ச முடியை மட்டும் வாருங்கள். பிறகு இடது கையை ஒரு விரல் அளவு மேலே நகர்த்தி அடுத்த கோடு. புடவையை மடிப்பு மடிப்பாக எடுப்பது மாதிரி. இப்படி வரிசையாகப் போனால்தான் தோல் முழுவதும் உங்கள் கண்ணில் படும். உண்ணி, சிவப்பு, கட்டி, காயம் எல்லாம் அப்போதுதான் தெரிய வரும். சும்மா முதுகில் தடவிவிட்டால் எதுவும் தெரியாது. வயிற்றுப் பக்கம் மடிக்காம்புகளில் பல் மாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிக்கு அகப்பட்டால் உங்கள் பெண்ணுக்கு எப்படி எடுப்பீர்களோ அப்படி. வேர்ப்பக்கம் விரலால் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு சிட்டிகை சோளமாவு தூவினால் இழை பிரிய உதவும். கத்தரிக்கோல் மட்டும் கூடாது. சடைக்குள் தோலும் சேர்ந்து மேலே இழுபட்டு நிற்கும். முடி என்று நினைத்து வெட்டினால் தோலோடு வந்துவிடும். கால்நடை டாக்டர்களைக் கேளுங்கள், இப்படித் தையல் போட வருகிற நாய்களைப் பற்றிச் சொல்வார்கள். பிரிக்க முடியாத சடையை மிஷின் வைத்து எடுக்கத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். அந்த ஒரு இடம் மட்டும் போனால் பரவாயில்லை.

ஸ்பிட்ஸ், அல்சேஷன், ஹஸ்கிக்கு வாரம் இரண்டு மூன்று தடவை, லேப்ரடாருக்கு ஒரு தடவை போதும். முடி கொத்துக் கொத்தாக உதிரும் நாட்களில் தினமும் கால்மணி நேரம். குளிர்நாடுகளில் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் மொத்தமாக உதிரும். நம் சீதோஷ்ணத்தில் வருஷம் பூராவும் கொட்டிக்கொண்டு, நடுவில் ஓரிரு முறை அடைமழையாகக் கொட்டும். பெண் நாய்க்குக் குட்டி போட்ட பிறகும் இப்படிக் கொட்டுவது சகஜம். ஆனால் வட்ட வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முடி போனாலோ அது சீப்பால் தீராது. டாக்டரிடம் காட்டுங்கள்.

குளியலும் ஈரமும்

ரொம்பப் பேர் தலைகீழாகச் செய்வது இதைத்தான். குளிப்பாட்டிவிட்டு வாருகிறார்கள். சிக்கோடு தண்ணீர் பட்டால் சடை இறுகி உருண்டையாகிவிடும். முதலில் வாரி, சீப்புச் சோதனையில் தேறிய பிறகு குளியல். நாய்க்கென்று விற்கிற ஷாம்பூவையே போடுங்கள். நம் சோப்பு அதன் தோலை வறள வைக்கும். துவாலையால் தேய்க்காமல் அழுத்தி அழுத்தி ஒற்றி எடுங்கள். மேலே காய்ந்துவிட்டது போலிருக்கும். விரலை உள்ளே விட்டுப் பாருங்கள், ஈரமாகவே இருக்கும்! மின்விசிறியின் கீழே, தேவைப்பட்டால் ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் வைத்து, வாரிக்கொண்டே தோல் வரை காய வைக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், ஐப்பசி கார்த்திகை மழையில் இந்த ஈரம்தான் வினையாகிறது. சடைக்கு அடியில் ஈரம் தங்கினால் தோல் வெந்து, நாய் அதைக் கடித்து நக்கி, காலையில் ஒரு ரூபாய்க் காசு அளவு இருந்த புண் சாயங்காலத்துக்குள் உள்ளங்கை அளவாகிவிடும். ‘ஹாட் ஸ்பாட்’ என்பார்கள். கோல்டன் ரெட்ரீவருக்கும் அல்சேஷனுக்கும் சகஜமாக வருவது. இதைவிட மோசம் புழுப் புண். பின்புறத் தொடை முடியில் மலமோ சிறுநீரோ ஒட்டி ஈரமாக இருந்தால், ஈ அங்கே முட்டையிட்டு ஒரே நாளில் புழு வைத்துவிடும். வயதான, படுத்தே கிடக்கிற நாய்களுக்கு இது சர்வ சாதாரணம். வெளியே புசுபுசுவென்று இருப்பதால் நாற்றம் வந்த பிறகுதான் வீட்டார் கவனிப்பார்கள். அந்த முடியைத் தினமும் ஒருமுறை விலக்கிப் பார்ப்பதற்கு ஒரு நிமிஷம் ஆகுமா?

உண்ணி அகப்பட்டால் கையால் நசுக்காதீர்கள். டுவீசரால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போடுங்கள். எர்லிச்சியா, பபேசியா போன்ற ரத்தக் காய்ச்சல்களைப் பரப்புவது இந்த உண்ணிதான். நாய் சோர்ந்து, சாப்பிடாமல், ஈறு வெளுத்துக் காய்ச்சலாக இருந்தால் அன்றைக்கே டாக்டர். மண்ணெண்ணெய் தடவுவது, கற்பூரத்தைக் குழைத்துப் பூசுவது போன்ற பாட்டி வைத்தியம் வேண்டாம். நாய் நக்கினால் அதன் உயிருக்கே ஆபத்து. தேங்காய் எண்ணெயும் வேண்டாம், தூசிதான் படியும்.

வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா, தும்மல் தொல்லை இருந்தால் வாருவதை அவர்களிடம் கொடுக்காதீர்கள். அலர்ஜிக்குக் காரணம் முடி அல்ல. அதோடு ஒட்டியிருக்கிற தோல் பொடுகும் எச்சிலும்தான். மொட்டை மாடியிலோ வாசல் திண்ணையிலோ வைத்து வாரி, முடியை உடனே பையில் கட்டிப் போட்டால் வீட்டுக்குள் பறப்பது பெருமளவு குறையும். குழந்தையின் கையில் வட்டமாகப் படை வந்து, நாய்க்கும் அதேபோல் முடி உதிர்ந்திருந்தால் படர்தாமரையாக இருக்கலாம். இரண்டு பேரையும் அவரவர் டாக்டரிடம் காட்டுங்கள். அதுவரை சீப்பைத் தனியாக வையுங்கள். அந்தக் காளான் சீப்பில் ஒட்டிக்கொண்டு மறுபடியும் தொற்றும்.

சாதாரண நாட்களிலும் மாதம் இரண்டு முறை, பிரஷ்ஷில் சிக்கிய முடியைச் சீப்பாலேயே கோதி எடுத்துவிட்டு, வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவி, கம்பிகள் கீழ்நோக்கி இருக்கும்படி வெயிலில் காய வையுங்கள். ரப்பர் மெத்தைக்குள் தண்ணீர் தங்கினால் கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி, வளைந்த பல், நுனி உருண்டை உதிர்ந்த ஊசி இவற்றைக் கண்டால் யோசிக்காமல் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்.